ஏழு நாலு பதினொன்று

மதினியின் ஸ்டாப்வாட்சில் பொத்தான் கொஞ்சம் இறுகியிருக்கும். கட்டைவிரலை மடக்கி அழுத்த வேண்டும். எனக்குக் கல்யாணமாகாத காலத்தில், கோவில்பட்டியில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், பொழுது அடைந்த கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் மனைவியான மதினி, தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை முடிந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருப்பாள். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி ஊர்ந்து வரும். செயற்கைக்கோள். குறித்துவைத்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அது கடக்கும்போது “அமுக்கு” என்பாள். அமுக்குவேன். அந்த நேரத்தை, எந்தெந்த நாட்டிலோ இதே வேலையாக இருக்கும் ஒரு குழுவுக்கு அனுப்புவாள். சம்பளம் கிடையாது. “இதுக்கு ஒட்டடை அடிச்சாலாவது வீடு சுத்தமாகும் மதினி” என்று கேலி செய்வேன். “ஏட்டி, வாய மூடிட்டு வானத்தப் பாரு” என்பாள்.

எனக்குப் பிறவியிலேயே இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டு முடிக்குமுன்பே கையலம்ப எழுந்துவிடுகிறவள். மதினியோ, கரிசலில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறவர்களைப்போலக் கழுத்து வலிக்க நிற்பாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு பழைய ராக்கெட் துண்டின்மேல்தான் கண். பூமியைச் சுற்றியபடியே கீழிறங்கிக்கொண்டிருந்தது. கணித்த நேரத்துக்கு முந்தியே வரத் தொடங்கியிருந்தது. “இனி தாங்காது. எப்ப விழும்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காவ” என்றாள். அவள் அப்படிப் பரபரத்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. “உன்னைய நம்பித்தான் விடுதேன்” என்று இரண்டு கருவிகளையும் என் கையில் கொடுத்தாள். மாடியேறினேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பார்த்தேன், பார்த்தேன், வரவில்லை. ஃபோன் அடித்தது. ஒரு நிமிடம் பேசியிருப்பேன். அதற்குள் கடந்து போயிருக்கும் என்று நினைத்தேன். முந்தைய நாட்களின் நேரத்தை வைத்து ஒரு மனக்கணக்குப் போட்டு, மணி, நிமிடம், விநாடியாக ஏழு நாலு பதினொன்று என்று எழுதிக் கீழே கொண்டுபோனேன்.

“பாத்தியா?”

“பளிச்சுன்னு போச்சு மதினி.”

படுத்தபடியே அதை அனுப்பினாள்.

மறுநாள் குழுவிலிருந்து பதில் வந்தது. நான் மாடியேறுவதற்குச் சற்று முன்பே அந்தத் துண்டு கடலில் விழுந்துவிட்டதாம். மதினி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழை தன்னுடையது என்று அவர்களுக்கு எழுதினாள். அதுவும் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னை மாடிக்குக் கூப்பிடவில்லை.

இப்போது இடைசெவலில் குடியிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் இன்றும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. உலை கொதிக்கும், நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். பொய் சொன்னது ஒரு பக்கம். அவள் கேட்காமலே விட்டாள் பாருங்கள், அதுதான் என்னை அரித்துத் தின்றது. போன மாதம் கோவில்பட்டி போனபோது பொறுக்கமாட்டாமல் மாடியேறினேன். மதினி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் ஒண்ணுமே பாக்கல மதினி.”

பைனாகுலரை எடுக்காமலே சொன்னாள். “தெரியும்டி. வானம் தெளிவா இருக்கு, ஆனா ஒண்ணும் வரலன்னு மட்டும் நீ சொல்லியிருந்தா, அது விழுந்துட்டுங்கிற மொதச் சேதி நம்ம மாடியில இருந்துலா போயிருக்கும்.”