எண்பது கிலோவுக்கு ஒரு மொட்டை

இன்று அம்பத்தூர்க் கம்பெனி ஒன்றில் ஷிப்டு பார்க்கும் துலுக்காணம், தொண்ணூறுகளின் கடைசியில் ஆந்திர எல்லையிலிருக்கும் நகரியில் டிகிரி படித்தவன். துணிக்கடை மாடியில் நடந்த காலேஜ். மைதானத்தை எங்கே வைப்பது, மாடிப்படியிலா? ஆற்று மணலில்தான் கபடி. ஃபீஸில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. ஆடப் போன நாளெல்லாம் ஆப்சென்ட் வேறு.

"கபடி ஆடி இன்னாத்தடா கிழிச்ச?" என்று அம்மா வெங்கடம்மா கேட்டால், "நாலு பனியன்" என்பான்.

ஆனாலும் விடாமல் ஆடினான். காரணம் நாகபூஷணம். திருப்பதியில் பெரிய காலேஜ் ஒன்றின் ரைடர். அவனுக்கு ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், காலையில் பாலும் முட்டையும். இரண்டு வருஷமாகத் துலுக்காணத்தின் கையிலிருந்து வழுக்கிப் போனவன், போகும்போது முதுகில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போவான். அந்தத் தட்டுதான் எரிந்தது. இது கடைசி வருஷம். பரீட்சை முடிந்தால் மெட்ராஸில் வேலை, அப்புறம் ஏது கபடி? அவனை ஒரு தடவையாவது கவிழ்க்காவிட்டால் சோறு இறங்காது என்று வீட்டில் புலம்பினான்.

"அவன் இன்னா உன் எருமைய ஓட்டிக்கினு பூட்டானா?" என்றாள் வெங்கடம்மா.

திருப்பதியில் ஃபைனல், எதிரே நாகபூஷணத்தின் காலேஜ். சோறு இறங்காது என்றவனுக்கு அங்கே நன்றாகவே இறங்கியது. காலேஜ் சாப்பாட்டுக்குக் காசு தரவில்லை. கோயில் அன்னதானத்தில் உட்கார்ந்து வெளுத்துக்கட்டினான். மேட்ச் அன்று காலை எடை பார்த்தார்கள். எண்பது கிலோவைத் தாண்டினால் ஆட முடியாது. முள் தாண்டி நின்றது. சட்டையைக் கழற்றினான், அரைஞாண் கயிற்றை அறுத்தான், மைதானத்தைச் சுற்றி ஓடினான், துப்பித் துப்பி நாக்கு வறண்டது. பாழாய்ப்போன முள் கொஞ்சம் இறங்கிவிட்டு, எண்பதுக்கு ஒரு நூல் மேலே நின்று அடம்பிடித்தது.

"குதரதய்யா" என்று, முடியாதென்பதைத் தெலுங்கில் சொல்லிக் கையை விரித்தார் எடை பார்த்தவர்.

கூட வந்திருந்த பாலையா மாஸ்டர் காமர்ஸ் வாத்தியார், கபடி தெரியாதவர். அவர் பார்வை துலுக்காணத்தின் தலைக்குப் போனது. தோள்வரை புரளும் முடி, எண்ணெய் குடித்துக் கனத்துக் கிடந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது வெங்கடம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்ட முடி அது. அவள் கெஞ்சாத நாளில்லை. பயல் சாமிக்கே கொடுக்கவில்லை.

"எதிர்லயே சலூன் கீதுடா" என்றார் மாஸ்டர்.

கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வேண்டுதலா? மலைமேல போய்ப் போடேம்பா" என்றார் சலூன்காரர்.

"நேரமில்லண்ணா. நீ வழி."

மொட்டையோடு ஏறினான். முள் எண்பதில் நின்றது.

மேட்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மானம் போகத் தோற்றார்கள். நாகபூஷணம் வந்தான், தொட்டான், போனான். போகிற போக்கில் புது மொட்டையிலும் தட்டினான். ஆனால் கடைசி ரைடில், அவன் கோட்டை எட்டப்போகும் நேரத்தில், துலுக்காணம் கணுக்காலைப் பிடித்துவிட்டான். பாலும் முட்டையும் தின்ற கால் இழுத்தது, உதைத்தது. அன்னதானச் சோறு விடவில்லை. நாகபூஷணம் குப்புற விழுந்து மண்ணைத் தின்றான். துலுக்காணம் எழுந்து, அவன் முதுகில் நிதானமாக ஒரு தட்டு தட்டினான்.

வீட்டு வாசலில் மொட்டையைப் பார்த்ததும் வெங்கடம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோவிந்தா! என் வேண்டுதல் தீந்துச்சுடா!"

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் அவன் துலுக்காணமா?

"சாமிக்குப் போடலம்மா. கபடிக்குப் போட்டேன்."

"அடப் பாவி!" என்று விளக்குமாற்றை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது.

"அவனப் புட்சியா?"

"புட்சேம்மா."

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். மொட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"சரி வுடு. மயிருதான, வளரும். சாமி காத்துக்கினு இருப்பாரு. வா, வந்து துன்னு."