பனிக்கடலும் கோட்டைச் சுவரும்

"பனி எறங்கிருச்சா? சவுக்கு மரம் எத்தன வெளிய தெரியுது? பாத்துச் சொல்லு புள்ள, கதை நிக்குது."

சித்தி குவைத்திலிருந்து எழுதிய ஒரே கடிதத்தில் எனக்கென்று முதலில் இருப்பவை இந்த வரிகள். அஞ்சல் முத்திரையில் ஆண்டு அழிந்துவிட்டது. மாதம் ஒக்டோபர் என்று படிக்கலாம். கடைசியில், என் முன்பல் முளைத்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார். ஆகவே எனக்கு அப்போது ஏழு வயது என்று கணிக்கிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. இலங்கையில் பதுளைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்களோடு ஒரே லயத்து வரிசை வீட்டில் இருந்து கொழுந்து பறித்தவர். மாலையில் கூடையை இறக்கியதும் எனக்குக் கதை சொல்வார். அந்தக் கதையில், பள்ளத்தாக்கை நிறைக்கும் மூடுபனி ஒரு கடல். அதற்கு மேல் தலை நீட்டும் சவுக்கு மரங்கள் கப்பல்களின் பாய்மரங்கள். தேயிலைச் செடிகள் தூங்கும் யானைகளின் முதுகுகள். அவை விழிக்காதபடி கொழுந்து கிள்ளத் தெரிந்தவள் இளவரசி ஒருத்திதான். அட்டைகள் பகைவனின் ஒற்றர்கள். ஓர் அட்டை நிமிர்ந்து தலையை ஆட்டினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது.

"ஒற்றனுக்கு ரத்தம் குடுத்தது போதும். ரெண்டு பேரும் கால்ல உப்பத் தேய்ங்க" என்பார்.

சித்தி வீட்டு வேலைக்குக் குவைத் புறப்படுவதற்கு முந்திய மாலை, அரக்கி ஒருத்தி இளவரசியை மணல் தேசத்துக்குத் தூக்கிப் போனாள். கதை அங்கே நின்றது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அப்பா ஒரு கைத்தொலைபேசி வாங்கினார். லயத்துக்கு மேலேயுள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா முதலில் பேசி, அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தருவார். சித்தி எடுத்த எடுப்பில் கேட்பார்:

"இப்ப என்ன தெரியுது?"

"பனிதான் சித்தி."

"பனின்னா? நமுனுகுல மலைப் பக்கமிருந்து வருதா, கீழ ரயில் ரோட்டுலேருந்து ஏறுதா?"

சலித்துக்கொண்டே பார்ப்பேன். கீழிருந்துதான் ஏறிக்கொண்டிருக்கும். சொன்னவுடன் கதை நகரும். கடல் பொங்கும், இளவரசி ஒரு கப்பல் தூரம் நெருங்கி வருவாள். ஒருமுறை, ஏழு தலை மானைப் பார்த்ததாகச் சொன்னேன்.

"மானை நான் பாத்துக்கிறேன். நீ பாத்தத மட்டும் சொல்லு!" என்று அதட்டினார்.

இன்று மாயக் கதைகள் எழுதும்போது நான் மீறாத விதி அது ஒன்றுதான்.

"இளவரசி எப்ப வருவா சித்தி?"

"நீ ஒழுங்கா பாத்துச் சொன்னா வெரசா வந்துருவா."

அந்தப் பொறுப்பு என் தலையில் ஏறிவிட்டது. சிலந்தி வலையில் தொங்கிய நீர்த்துளியையும், மழைக்குப் பிறகு பாறை நிறம் மாறுவதையும் பார்த்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்கினேன். நான் கவனிக்காமல் விட்டால் இளவரசி அங்கேயே கிடப்பாள்.

பிறகொரு ஞாயிறு, எப்போதும் நான்தானே சொல்கிறேன் என்று திருப்பிக் கேட்டேன்.

"அங்க என்ன தெரியுது சித்தி?"



"செவரு தெரியுது புள்ள."

"கோட்டைச் செவரா?"

"ஆமா... கோட்டைதான்."

"அம்மா, இளவரசி கோட்டைக்குள்ள இருக்கா!" என்று நான் துள்ளினேன். அம்மா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைய கதை போயிற்றே என்று இரவுச் சாப்பாடு வரை அவரோடு நான் பேசவில்லை.

சித்தி ஒப்பந்தம் முடிந்து திரும்பிவிட்டார். இப்போது வெலிமடையில் லீக்ஸ் பயிரிடுகிறார். என் முதல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று கேட்டேன்.

"அந்தக் குவைத் வீட்டுல ஒங்க ரூமுக்கு ஜன்னல் இருந்துச்சா சித்தி?"

"இருந்துச்சே. அரக்கி அத மடிச்சு இடுப்புல சொருகி வச்சிருந்தா. ஞாயித்துக்கெழமதான் எடுத்துக் குடுப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தனை ஞாயிறுகளிலும், கதை எனக்காகச் சொல்லப்படுகிறது என்றே நம்பியிருந்தேன்.

ஜன்னல் கிடையாது என்கிறார் அம்மா. ஆனால் அவர் அந்த வீட்டைப் பார்த்தவர் அல்லர். அந்த அறைக்கு ஜன்னல் இருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.