குருவி விரட்டிய குரல்

யுத்த காலத்துக் கரி பஸ், திருச்சுழி போகும் வழியில் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் வண்டி; பின்னால் இருந்த அடுப்பில் கரி போட்டுக் கிளறும்வரை எல்லோரும் இறங்கி நின்றோம். எங்களோடு வள்ளி வேஷம் கட்டும் நாடகக்காரி ஒருவர் வந்திருந்தார். கறுத்து ஒல்லியாக இருந்தார். கழுத்தில் சுற்றிய துண்டை அந்த வெயிலிலும் அவிழ்க்கவில்லை. அடிக்கடி தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தன் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பேசி முடிக்க வந்த பரளச்சிக்காரர் அவரிடம், "வள்ளி தினைப்புனம் காக்குற எடத்துல ரெண்டு சினிமாப் பாட்டு பாடு தாயி. சனம் அதத்தான் கேக்குது. இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

"பாத்துக்கங்கண்ணே. சினிமாப் பாட்டுக்குக் குருவி பறக்குமா?"

சொல்லிவிட்டு, பக்கத்துக் கம்மங்காட்டைப் பார்த்து, "ஆலோலம்" என்று நீளமாக ஒரு குரல் கொடுத்தார். காடே எழுந்ததுபோல் குருவிகள் கிளம்பின. பரளச்சிக்காரரும் அண்ணாந்து பார்த்தார்.

ஆனாலும் பரளச்சித் திருவிழாவுக்கு வேறு வள்ளிதான் வந்தாள். சினிமாப் பாட்டுக்கு ஒரே கைதட்டல். நானும் தட்டினேன்.

அந்த நாடகக்காரியை அப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை. இன்றும் பஸ்ஸில் அந்தக் கம்மங்காட்டைத் தாண்டும்போது, மழை அடித்தாலும் என் பக்கத்து ஜன்னலைச் சாத்த விடமாட்டேன்.