சாய்ந்து நின்ற குழாய்

விண்வெளிக்கும் எனக்கும் உண்டான முதல் சம்பந்தம், ஒரு கறுப்புக் குடையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்தின் தொடக்கம். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருந்தது. ருஷ்யாக்காரர்கள் நாயை வைத்து அனுப்பிய இரண்டாவது செயற்கைச் சந்திரன் சாயங்காலம் புதுச்சேரிக்கு மேலே போகும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக மொட்டைமாடிக்கு ஏறி, நான் காயவைத்திருந்த வடகத்தை வேட்டியோடு சுருட்டி மூலையில் தள்ளிவிட்டு, நடுவில் போய் நின்றுகொண்டார். அப்போதே எனக்குக் கோபம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது வந்தது. மேற்கே ஒரு நட்சத்திரம் எழுந்து நடக்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. சத்தமே இல்லை.

"அதுக்குள்ளயா நாய் இருக்குது?" என்று கேட்டேன்.

"இருக்குது. ஆனா எப்பவோ செத்துப் போயிருக்கும்."

"திரும்பி வர வழி?"

"வழி வெக்கலியே."

எனக்கு மேலே பார்க்கவே பிடிக்கவில்லை. பெட்டை நாயாம் அது. தெருவில் திரிந்ததைப் பிடித்து வந்து பழக்கினார்களாம். வளர்த்து, சோறு போட்டு, திரும்பி வர வழி வைக்காமல் அனுப்பிவிட்டு அதற்குப் பெயர் சாதனை. நான் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்குள் அந்த வெளிச்சம் எங்கள் தலையைத் தாண்டிக் கடல் பக்கம் போய், நடு வானத்திலேயே ஊதி அணைத்த மாதிரி மறைந்துவிட்டது. பூமியின் நிழலுக்குள் போய்விட்டதாம். அணைந்த இடத்தை நோக்கி அவர் கையிலிருந்த குடையை நீட்டினார்.

"புடி. அப்படியே புடி. அசையாத" என்று அதை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினார்.

கொத்தனாரைக் கூட்டிவரப் போயிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குடையின் முனையை வானத்தில் ஒன்றுமில்லாத ஒரு இடத்தை நோக்கி நீட்டியபடி நின்றேன். கீழே அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அது தீய்ந்த வாசனை மேலே வந்தபோதும் நான் அசையவில்லை. முழங்கையில் சுவரின் சொரசொரப்பு பதிந்து, தோள்பட்டையிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே வலி. அவர் கொத்தனாரோடு திரும்பி வந்து ஒரு நூலைக் கட்டி, ஒரு குச்சியை நட்டு, "இனிமே நீ எறக்கலாம்" என்றார்.

அடுத்த நாள் அந்தக் கைப்பிடிச்சுவரை ஒட்டி இடுப்பளவில் ஒரு செங்கல் மேடை எழும்பியது. அதன் தலையில் ஒரு இரும்புக் குழாயைச் சாய்வாகப் பதித்தார்கள். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் அது அணைந்த இடம் தெரியும். சுவரின் பூச்சில் ஆணியால் ஒரு கோடும் கீறிவைத்தார், குழாய் ஆடிப்போனாலும் அடையாளம் இருக்கட்டும் என்று.

"இது முக்கியமான எடம்" என்றார். அந்த வார்த்தையை நாலைந்து வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போனது. மனுஷன் பூமியை விட்டுக் கிளம்பின காலத்தில் இந்த ஊர் அதை எங்கிருந்து பார்த்தது என்று பின்னால் வருகிறவர்கள் கேட்பார்களாம். ராக்கெட் விட்ட இடத்தை அந்தந்த நாட்டுக்காரர்கள் காப்பாற்றிக்கொள்வார்கள், பார்த்த இடத்தை யார் காப்பாற்றுவது என்பார். வேறு யார்? நான்தான். வடகம் அங்கே போடக்கூடாது, யாராவது மிதித்துத் தடுக்கி விழுவார்களாம். துணிக்கொடி அந்தப் பக்கம் கட்டக்கூடாது, குழாயை மறைக்குமாம். மிளகாய் காயவைத்தால் வருகிறவர்களுக்குத் தும்மல் வருமாம். வருகிறவர்கள் என்றால் அவருடைய மாணவர்கள், கூட வேலை செய்கிற வாத்திமார்கள், அவர்களுடைய மச்சான்கள். எல்லாருக்கும் காபி. பெரிய மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நுழையும்போதே, "இன்னும் மூணு பேருக்குப் போடு" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

நகராட்சியை எங்கள் ஊரில் மேரி என்போம். அந்த மேடைக்கு ஒரு நினைவுக் கல் வையுங்கள் என்று கேட்டு அவர் மேரிக்கு நடையாய் நடந்தார். பிரெஞ்சுக்காரன் போயும் போகாமலும், இந்தியா வந்தும் வராமலும் இருந்த காலம் அது. ஒரு தடவை நானும் கூடப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "மிசியே, ருஷ்யாக்காரன் வுட்டதுக்கு, பிரெஞ்சு ஊருல, இந்தியா கல்லு வெக்கணுமா? இத நான் எந்தக் கட்டுல சேக்கறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வீடு வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

பிறகு அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள். வாசல்படியில் இடித்துக்கொண்டார், பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம், போன பார்வை திரும்பாது, மிச்சத்தை முடிந்தவரைக்கும் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்து போட்டோம். அறுபத்தொன்றில் மனுஷனே வானத்துக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த செய்தியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார். அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

அன்றைக்குத்தான் அந்தக் குழாய் அவருக்கு என்ன என்று புரிந்தது. அதன்மேல் கையை வைத்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தடவிக்கொண்டே போய், முனையைத் தாண்டி வானத்தில் விரலை நீட்டினார்.

"கண்ணு போனா போவட்டும். இதத் தொட்டா அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுது. இது ஒண்ணு போதும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சலிப்பு மட்டும் போகவில்லை. தினமும் அவரைக் கைப்பிடித்து மாடிப்படி ஏற்றி இறக்குவது என் வேலையானது. எனக்கும் முழங்கால் வலிக்கிற வயசு.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஊர் முழுக்க வெள்ளையடிப்பு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேரப்போகிறது என்பது ஒரு பக்கம், மாதா திருவிழா ஒரு பக்கம். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா கிறிஸ்தவர், கீழ்ப்பகுதியில் இருந்தார். வீட்டில் இருக்கிற மாதா சுரூபத்துக்கு வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் புது வண்ணம் அடிப்பார். பழைய வண்ணம் வெளுத்தபடி விட்டால் மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் அதே கதைதான், திருப்பணி என்றால் முதலில் சுண்ணாம்பு வாளிதான் வரும். இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கலாம்.

நாங்கள் கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "மாடியில இருக்கற குழாயப் பாத்துக்குங்கம்மா. அவருக்கு ரொம்ப முக்கியமான எடம்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

"நீ கவலயே படாத. நான் கூட நின்னு பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே கூட நின்று பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே ஈரச் சுண்ணாம்பு வாசனை. அந்த அம்மா சிரித்த முகமாக எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். "வாங்க மிசியே, ஒங்க மேடய வந்து பாருங்க."

மேடைக்குப் புதுப் பூச்சு, அதன்மேல் மாதாவின் மேலங்கிக்கு அடிக்கிற அதே நீலம். சுவரில் ஆணிக்கீறலைக் காணோம், பொத்தலையெல்லாம் அடைத்து வழவழப்பாகப் பூசியிருந்தார்கள். குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து, முனையில் ஒரு முழம் கனகாம்பரம் சுற்றியிருந்தது. அந்தக் குழாய் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது.

"இத்தன வருசமா சாஞ்சே கெடந்துச்சு. பாக்கப் பாக்க மனசு கேக்கல. இன்னா இருந்தாலும் முக்கியமான எடமாச்சே, நிமித்தி வெக்கச் சொன்னேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். குழாயின் அடியைத் தொட்டார். வழக்கம்போல் சாய்வில் போன கை வெறுங்காற்றில் துழாவியது. மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். கை மேலே, மேலே, நேராக மேலே போய்ப் பூவைத் தொட்டு நின்றது.

"மெர்சி மதாம். ரொம்ப அழகா இருக்குது" என்றார்.

பார்வை இல்லாத மனுஷன் சொன்ன அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அந்த அம்மா பூரித்துப்போய்க் கீழே இறங்கினார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் கொடுத்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

என் வீட்டுக்காரர் மேடையோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போவுது வுடு. கீழ போலாம்" என்று அவர் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன். இனிமேல் மாடி எனக்குத்தான், வடகம் போடலாம், கொடி கட்டலாம். உண்மையில் அந்த எண்ணம் ஒரு நிமிஷம் வந்தது. அவர் சொன்னது வேறு.

"நீதான குடையப் புடிச்சிருந்த? எங்க இருந்துச்சுன்னு சொல்லு."

சொல்வதற்கு எனக்கு என்ன தெரியும்? நான் அன்றைக்கு வானத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நாயை நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு பருப்பை. ஆனால் கைப்பிடிச்சுவரில் அதே மாதிரி முழங்கையை ஊன்றி நின்றபோது தோள்பட்டையில் பழைய வலி எழுந்தது. கை எங்கே போனால் அதே வலி வருகிறதோ அந்தப் பக்கம் நீட்டினேன். மறு கையால் குழாயைப் பிடித்து அழுத்தினேன். பூச்சு இன்னும் இறுகவில்லை, நீலம் வெடித்து உதிர்ந்தது, குழாய் சாய்ந்தது.

அவர் எழுந்து வந்து தடவிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் எறக்கு."

இறக்கினேன்.

"இன்னும் துளி. ம். இதான்."

அடியில் செங்கல் சில்லுகளைச் செருகி, கையோடு கொஞ்சம் சுண்ணாம்பை அப்பினேன். அவர் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு, "உள்ள பாரு. என்ன தெரியுது?" என்றார்.

குனிந்து கண்ணை வைத்தேன். பக்கத்து வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலே ஒரு தளம் எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குள் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நாய் அணைந்த இடத்தில்தான் அந்தத் தளம் வந்துவிட்டதா, அல்லது நான் சாய்த்ததும் அவர் தடவியதும் இரண்டுமே தப்பா, எனக்குத் தெரியவில்லை. வட்டம் முழுக்க அந்த வீட்டுக் கொடியில் காய்கிற ஒரு சிவப்புப் பாவாடை.

"வானந்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நாங்கள் கீழே இறங்க வெகு நேரமானது, எனக்கு முழங்கால், அவருக்குக் கண்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய், துணிக்கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டமுடியுமா என்று கேட்டேன்.

"எதுக்குக்கா?" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

"அது முக்கியமான எடம்மா" என்றேன்.