வால் நட்சத்திரத்தில் ஓர் உருள்பொட்டல்

கல்லறைத் திருநாள் நெருங்கினாலே அன்னமேரிக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில், நவம்பர் இரண்டாம் தேதி ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறை இல்லை. புருஷன் ஆசீர்வாதத்தின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் போன பிறகு வந்த இரண்டு திருநாளிலும் பொதுச் சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, இரவல் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். "எனக்குன்னு ஒரு அடி எடம் இல்லாமப் போச்சே" என்பதுதான் அவள் குறை. பெரிய ஆசையா அது?

அவர் போன வருடம், ஆகஸ்டில், மகள் நிமியைச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பௌதிகம் படிக்கச் சேர்த்துவிடப் போயிருந்தாள். திரும்புவதற்குள் மலை இடிந்து, வரிசையாக ஆறு வீடு இருந்த அவர்கள் லயத்தை, வீட்டில் இருந்த ஆசீர்வாதத்தோடு அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. இப்படி மலை இடிந்து இறங்குவதை உருள்பொட்டல் என்ற மலையாளச் சொல்லால்தான் இங்கே தமிழரும் சொல்வார்கள். இப்போது அந்தச் சரிவில் இடுப்பளவு புல். வீடு இருந்த இடம் எது என்று கேட்டால் ஒருவர் ஓடைப் பக்கம் கை நீட்டுவார், இன்னொருவர் மேட்டைக் காட்டுவார். இருபது வருடம் குடியிருந்த அன்னமேரிக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தில் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

மூன்றாவது வருடம், திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் நிமி லீவில் வந்தாள், தோழி மௌனிகாவின் லேப்டாப்போடு. அதில் முழுக்க ஒரு வால் நட்சத்திரத்தின் படங்கள். ஒரு விண்கலம் பத்து வருடம் பறந்துபோய், அதன் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி எடுத்தவை. ஒரே இடத்தின் பழைய படமும் புதிய படமும் ஜோடியாக வரும். எது மாறியிருக்கிறது என்று பார்த்து வட்டமிட வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாமாம்.

"வாலு எங்கட்டி?" என்றாள் அன்னமேரி.

"இவ்ளோ கிட்டப் போனா வாலு தெரியாதும்மா. கல்லும் மண்ணுந்தான்."

கல்லும் மண்ணும் என்றால் அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மறுநாள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கையைக் கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். பார்த்த இடமெல்லாம் அவளுக்கு மலை இடிந்திருந்தது. பத்து ஜோடிப் படத்தில் பத்திலும் வட்டம் போட்டாள். நிமி தலையில் கைவைத்தாள்.

"அம்மா, இதெல்லாம் நெழலு! வெயிலு வேற பக்கம் அடிக்கி. மொதல்ல மாறாதது மூணைப் புடிச்சுக்கோ. அதை வச்சுத்தான் மாறினது எதுன்னு பாக்கணும்."

அதன்பின் அன்னமேரி சரியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று பாறையை முதலில் அடையாளம் வைப்பாள்; பிறகுதான் மற்றதற்குக் கண் போகும். ஐந்தாம் நாள் ஒரு படத்தில் நிஜமாகவே செங்குத்தான மேடு ஒன்று உடைந்து, கீழே கல்லாகக் குவிந்திருந்தது. நிமியே "ஆமாம்மா!" என்று துள்ளினாள். அன்னமேரி துள்ளவில்லை. குவிந்த கல்லின் மேல் விரலை வைத்தாள்.

"கீழ யாரும் இருந்தாகளா?"

"அங்க ஆளே கெடையாதும்மா."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"ஆகல."

"நல்லவேள" என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆளில்லாத ஊருக்காக அவள் பட்ட நிம்மதியைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் எடுத்த அந்தக் கலத்த மட்டும் ஒரு படத்துலயும் காணோமே?"

"அதுதான எடுக்கு, அது எப்படி வரும்? ஆனா படத்த வச்சே அது எங்க நின்னுச்சுன்னு கணக்குப் போட்டுருவாங்க."

"உங்கப்பா மாதிரின்னு சொல்லு" என்றாள் அன்னமேரி. வீட்டில் யார் எங்கே நின்றாலும் போனைப் பிடிப்பது ஆசீர்வாதம்தான். அதனால் அவர் படம் என்று அடையாள அட்டையில் இருந்த ஒன்றுதான் மிச்சம்.

சொல்லிவிட்டுச் சட்டென்று தன் போனை எடுத்தாள். நிமியின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வீட்டு வாசலில் அவர் எடுத்த படம் அதில் இருந்தது. தாயும் மகளும் தோளோடு தோள் நின்று சிரிக்கிறார்கள். அன்னமேரி இரண்டு முகத்தையும் விட்டுவிட்டு, பின்னாலிருந்த மலையைப் பார்த்தாள். தூரத்தில் இருக்கும் போன் டவர், அதற்கு முன்னால் நிற்கும் கரும்பாறையின் நேர் உச்சியில் உட்கார்ந்த மாதிரித் தெரிந்தது. வலப்பக்கம், ஓடைக்கு அக்கரையில் நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் மலையின் பிளவு. பாறை, டவர், மரம், மூன்றையும் உருள்பொட்டல் தொடவில்லை.

கல்லறைத் திருநாள் காலையில் இருவரும் அந்தச் சரிவில் இறங்கினார்கள். டவர் பாறைக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தது. அன்னமேரி வலப்பக்கமாக நகர்ந்தாள். டவர் மெல்ல மெல்லப் பாறை உச்சிக்கு வந்தது. அந்த நேரை விடாமல் புல்லுக்குள் பின்னோக்கி நடந்தாள். மரம் பிளவுக்கு எதிரே வந்து நின்றதும் அவளும் நின்றாள். போனைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். இம்மி மாற்றமில்லை.

"அம்மா, இதுதான் நம்ம வீடு!" என்று கத்தினாள் நிமி.

"வீடு இல்லட்டி." அன்னமேரி எதிரே இருந்த புல்லைக் கை நீட்டிக் காட்டினாள். "வீடு அந்தா எதுத்தாப்புல. இது உங்கப்பா நின்ன எடம்."

செருப்பைக் கழற்றினாள். புல்லைப் பிடுங்கி ஒரு அடி இடத்தைச் சுத்தம் செய்து, செவ்வந்தியைத் தூவி, காற்றுக்குக் கை மறைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினாள். தீப்பெட்டி அவளுடையதுதான். அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி, அங்கன வாசல்ல போயி நில்லு. அன்னைக்கு மாதிரி."

"எதுக்கும்மா?"

"போயி நின்னு சிரி. அவரு பாத்த மாதிரி நானும் ஒருதரம் பாத்துக்கிடுதேன்."