சொரிமுத்துவின் எலும்புப் படம்

தாராவியில் பாத்திரக்கடை வைத்திருந்த நயினாருக்கு அடுத்தவர் நன்றாக இருந்தால் வயிறு எரியும். எதிர்க்கடைக்கு டியூப்லைட் வந்தபோது ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பாமல் வியாபாரம் செய்தவர். நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து, கூடை சுமந்து விற்றுச் சொந்தக் கடை பிடித்ததும் அந்த எரிச்சலில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷம் அவருக்கு வலது கால் பெருவிரல் வீங்கி, துணி பட்டாலே உயிர் போயிற்று. ரத்தத்தில் உப்பு கூடி மூட்டில் படிகிற நோய் என்றார்கள் பரேல் பக்கத்து ஆஸ்பத்திரியில். அங்கே டாக்டர் ரோஷன் என்ற பார்ஸிப் பெண்மணி ஒரு புது மாத்திரையைச் சோதித்துவந்தார். மாத்திரை கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் விழுந்த ஓட்டையை ஸ்கேல் வைத்து அளப்பார். நயினாரின் பக்கத்து வீட்டுக்காரர், தோல் பட்டறைத் தொழிலாளி சொரிமுத்துவும் அந்தச் சோதனையில் இருந்தார்.

ஒன்றரை வருஷத்தில் நயினாருக்கு வலி போய்விட்டது. சொரிமுத்து இன்னும் நொண்டினார். ஆனால் வெளிச்சப் பெட்டியில் படங்களை மாட்டியபோது ரோஷனின் விரல் சொரிமுத்துவின் எலும்பில்தான் நின்றது. ஓட்டை பாதி மூடிவிட்டதாம். டாக்டர்கள் கூடும் மாநாட்டில் இதைத்தான் காட்டப்போகிறாராம்.

"மேரா?" என்று தன் படத்தைப் பற்றி இந்தியில் கேட்டார் நயினார். அப்படியேதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஸ்டேஷனுக்கு நயினார் விறுவிறுவென்று நடந்தார்.

"மெதுவா போங்க அண்ணாச்சி, காலு இழுக்கு" என்றார் பின்னால் வந்த சொரிமுத்து.

காதில் விழுந்தது, நடையை இன்னும் எட்டிப் போட்டார். கிளம்பிய லோக்கலில் தாவி ஏறித் திரும்பிப் பார்த்தபோது, சொரிமுத்து தூணைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இறங்கவேண்டிய சயான் ஸ்டேஷன் வரும்வரை மனசுக்கு இதமாக இருந்தது.

"நல்லாத்தான நடக்கிய, பெறவு என்ன?" என்றாள், வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்த மனைவி பேராச்சி.

"அவன் படத்தைப் பெரிய டாக்டருமாரெல்லாம் பாப்பாங்களாம். என் படம் கவருக்குள்ள கெடக்கும்."

மறுநாளே போய், எக்ஸ்ரே எடுக்கும் முகம்மது ஹனீபிடம் பாதத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்து இன்னொன்று எடுக்கச் சொன்னார். கால் திரும்பினால் ஓட்டை சின்னதாகத் தெரியும், அதனாலேயே டாக்டர் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார் என்று சொல்லி ஹனீப் அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் நயினாரின் ஓட்டையும் சுருங்கியது. மாநாடு முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. ஒருநாள் சொரிமுத்து நொண்டாமல் நடந்து குடம் வாங்க வந்தார்.

"ஒம்ம படத்தைப் பாத்துட்டு டாக்டருமாரு என்னவே சொன்னாங்க?"

"தெரியல அண்ணாச்சி. நான் கேக்கல."

குடத்தை எடுத்துக் கொடுத்தபோது, கேட்கக்கூட இல்லையே என்பதுதான் நயினாரை அதிகம் அரித்தது.