மெர்சி டீச்சரின் கடைசித் தட்டு

வெள்ளிக்கிழமை காலை மெர்சி டீச்சரின் தம்பி சாமுவேல் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. அந்த ரிசல்ட் இனி வேண்டாம்." டீச்சர் சோதனைக்குக் கொடுத்த சளி அப்போதும் விருதுநகரில் எங்கள் லேபில், கிருமி வளர்க்கும் தட்டில் இருந்தது. சரி என்று வைத்துவிட்டேன்.

மல்லாங்கிணற்றில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய இருமல் தெரியும். நோய் தெரிந்திருக்காது. முதலில் காசநோய் என்றார்கள், பிறகு பட்டாசு மருந்துத் தூசி என்றார்கள். "நான் மத்தாப்புகூடக் கொளுத்துனதில்ல தம்பி. இந்தப் பக்கம் பெறந்தவ இருமுனாலே பட்டாசுதானா?" என்பார். மதுரையில் வியர்வையின் உப்பைச் சோதித்த பிறகுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. பிறவி நோய். நுரையீரலில் சளி பசையாக இறுகும். கண்ட கிருமியெல்லாம் அதில் குடியேறும்.

அந்தச் சளியைத் தட்டில் போட்டால் பாக்டீரியா முந்திக்கொண்டு மூடிவிடும். அபூர்வமான பூஞ்சைகள் மெதுவாகத்தான் தலைகாட்டும். அதற்குள் தட்டைக் கழித்துவிடுவதுதான் எங்கும் வழக்கம். நான் பாக்டீரியாவை அடக்கும் மருந்து கலந்த தட்டில் போட்டு, வாரக்கணக்கில் வைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஒன்று வந்தது.

டீச்சருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நம்பவில்லை. "உங்க லேப் தூசிப்பா. தூக்கிப் போடு."

"தூசின்னா பக்கத்துத் தட்டுலயும் வந்திருக்கணும் சார். வரலையே."

சண்டைதான். கடைசியில் டீச்சரிடம் இன்னொரு முறை சளி கேட்டோம்.

டீச்சர் பஸ் ஏறி வந்தார். பூஞ்சையை மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "எங்க மானாவாரிக் காட்டுல வெதச்சதே மொளைக்கல. இங்கன வெதைக்காமலே அம்புட்டு வெள்ளாமையா!" சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

இரண்டாவது சளி மாதிரியிலும் அதே பூஞ்சைதான். டாக்டர் பூஞ்சைக்கான மருந்துக்கு மாற்றினார். டீச்சர் சில மாதங்கள் நன்றாக இருந்தார். "மாடி வகுப்புக்கு நிக்காம ஏறிட்டேன் தம்பி," என்று போனில் சொன்னார். பிறகு மறுபடி மூச்சுத்திணறல். பூஞ்சை போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மூன்றாவது மாதிரி.

சாமுவேல் வேண்டாமென்ற பிறகும் தட்டை நான் கழிக்கவில்லை. வைத்திருக்க வேண்டிய வாரங்கள் முடிந்து நேற்று பார்த்தேன். பூஞ்சை இல்லை. அப்படியானால் மருந்து வேலை செய்திருக்கிறது. பிறகு ஏன் போனார்? அவரை வாட்டியது அதுதானா, அது சும்மா குடியிருந்ததா? அல்லது இந்தமுறை எடுத்த சளியில் அகப்படவில்லையா? டாக்டரைக் கேட்டேன். "நுரையீரல் முன்னமே போயிருச்சுப்பா" என்றார். அது பதிலா என்றே எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் எழுத வரவில்லை.

லேபுக்குள் வரும்போதே, "என்ன தம்பி, என்ன வெளஞ்சிருக்கு?" என்றுதான் வருவார். அந்தக் கேள்வி ஒன்றுதான் என்னிடம் மிச்சம். யாருடைய தட்டைத் திறந்தாலும் கேட்கிறது. நேற்றும் கேட்டது.

ஒன்றும் விளையவில்லை, டீச்சர்.